பைன் நிழலில் ஒரு பெரணி

டீ குடித்து முடித்ததும் மரம் வெட்ட இந்தச் சரிவுக்குத்தான் வருவார்கள். கீழே வண்டிப் பாதையோரம் செல்லக்கிளி அடுப்பு மூட்டியிருக்கிறாள். புகை நேராக மேலே போகிறது, அப்படியென்றால் காற்று இல்லை, காற்று இல்லாத நாளில் மரம் நாம் நினைத்த பக்கம் சாயும் என்று மேஸ்திரி ஒச்சப்பன் காலையில் சொன்னார், ஏதோ மரத்தின் நன்னடத்தைக்குச் சான்றிதழ் கொடுப்பதுபோல. நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் முழங்கால் உயரப் பாறை, பாறைமேல் பாசி, பாசியில் ஒரு பெரணி. என் உள்ளங்கையைவிடச் சிறியது. மொத்தம் நான்கு இலை, மூன்று மலடு, ஒன்றின் அடிப்பக்கத்தில் மட்டும் வரிசையாகப் பச்சை வித்துப் பொட்டுகள், இனிமேல்தான் பழுப்பாக வேண்டும். வேலை பார்த்த காலம் முழுக்க இதைத் தேடினேன். கண்டுபிடிக்கிற அன்று கை நடுங்கும் என்று நினைத்திருந்தேன். நடுங்கவில்லை. ஷூ கயிறு கட்டக் குனிந்தேன், இருந்தது. லென்ஸை எடுத்து அடித்தண்டின் செதில்களைப் பார்த்தேன், பொட்டுகளை மூடியிருக்கும் தோலின் விளிம்பைப் பார்த்தேன், அதுவேதான், லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். தாவரவியல் கற்பித்த ஒருத்திக்குக் கடவுள் தரக்கூடிய ஆகப் பெரிய பரிசு இது, வாங்கிக்கொண்டு மூக்கைச் சிந்தினேன். இதன் பெயரை மனதுக்குள்கூட முழுதாகச் சொல்லிக்கொள்வதில்லை. பெயர் வெளியே போனால் தேடி வருவார்கள், பிளாஸ்டிக் பையோடு வருவார்கள், எங்கள் துறையில் பக்திக்கும் திருட்டுக்கும் ஒரே பைதான். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இந்தக் கொடைக்கானல் மலையில் எங்கேயோ பறித்து, காயவைத்து, அட்டையில் ஒட்டினார். கிடைத்த இடம் என்ற வரிக்கு நேரே ஈரமான இடம் என்று எழுதிவைத்தார். கொடைக்கானலில் ஈரமில்லாத இடம் எது என்று எழுதியிருந்தாலாவது உபயோகமாக இருந்திருக்கும். ஊராருடைய பாவங்களையெல்லாம் இடம் பொருள் ஏவலோடு கேட்டுத் தெரிந்துகொண்ட மனிதர், தன் முறை வந்தபோது மழுப்பிவிட்டார்.

சோலைகளில் தேடினேன், ஓடையில் இறங்கித் தேடினேன், அட்டை கடித்துச் சாக்ஸ் நனையத் தேடினேன். பைன் தோப்பில் மட்டும் தேடவில்லை, ஏனென்றால் பைன் தோப்பில் ஒன்றும் முளைக்காது என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவளே நான். ஊசி இலைகள் உதிர்ந்து மெத்தைபோல மண்ணை மூடும், லேசில் மக்காது, எந்த விதையும் தலைதூக்காது, பைன் தோப்பு என்பது பச்சைச் சாயம் பூசிய பாலைவனம், எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டார்கள். அதே வாக்கியம் சாயத்தோடும் பாலைவனத்தோடும் வனத்துறையின் குழுவரை வந்து சேர்ந்துவிட்டது. வெளிநாட்டு மரங்களை அகற்றிச் சோலையைத் திரும்பக் கொண்டுவரும் குழு, அதில் செடிகளுக்கு நிபுணர் நான், ஓய்வுபெற்ற பேராசிரியை பிலோமினா. நல்ல வேலைதான். இப்போதும் நல்ல வேலை என்றுதான் நினைக்கிறேன், இந்த ஒரு பாறை நீங்கலாக. பாறைக்கு மேலே நிற்கிற பைன் என்ன செய்கிறது என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூடுபனி வரும்போது அதன் ஊசிகள் சீப்பைப்போலப் பனியைச் சீவியெடுக்கின்றன. ஊசி நுனியில் துளி திரள்கிறது, கனக்கிறது, விழுகிறது, விழுவது இந்தப் பாசியில். கொஞ்சம் கழித்து இன்னொன்று. சுற்றி நிற்கும் ஏழெட்டு மரங்கள் வெயிலை மறைத்துக்கொள்கின்றன. ஒன்று இங்கே தவிர எங்கும் இல்லாதது. மற்றது எங்கே திரும்பினாலும் நிற்பது, பஸ்ஸில் வருகிற புதுமணத் தம்பதிகள் எல்லாரும் சாய்ந்து நின்று படமெடுத்துக்கொள்வது. எங்கும் நிற்பது எங்கும் இல்லாததற்குப் பாலாடையில் ஊட்டுவதுபோலச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கிறது. தெரிந்து செய்வதில்லை. மரத்துக்கு என்ன தெரியும். பெரணியையும் பைனையும் ஒப்பிடுக என்று எத்தனை வினாத்தாளில் கேட்டிருப்பேன், பிள்ளைகள் முதல் காரியமாக ஸ்கேலை வைத்துத் தாளின் நடுவே கோடு போடுவார்கள். இடப்பக்கம் பெரணி, வலப்பக்கம் பைன். பெரணிக்கு விதை இல்லை, வித்துத் தூள்தான், பைனுக்கு விதை உண்டு. பெரணியின் ஆணணு தண்ணீரில் நீந்திப்போய்ச் சேரும், பைனின் மகரந்தம் காற்றில் பறந்துபோய்ச் சேரும். பெரணி நிழலை நாடும், பைன் வெயிலை நாடும். இரண்டுமே பூக்காது என்று ஒரு பிள்ளையாவது எழுதும் என்று திருத்தும்போதெல்லாம் பார்ப்பேன். எழுதியதில்லை. கோடு போட்ட பிறகு கோட்டின்மேல் எதை எழுத முடியும். எங்களுக்கும் பிள்ளை இல்லை. அதை ஏன் இங்கே கொண்டுவந்தேன், ஒரு தொடர்பும் இல்லை, ஒரு மாதமாக மனம் இப்படித்தான், மூடாத குழாய்.

அருளப்பன் பைன் கட்சி. வனவராகச் சேர்ந்த புதிதில் மன்னவனூர்ப் பக்கம் ஒரு மலை முழுக்கப் பைன் நாற்று நடவைத்தவர். மற்ற பெண்களைப் புருஷன்மார் கல்யாணமான வாரம் சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள், என்னை அந்த மலைக்குக் கூட்டிப்போனார். நாற்று எல்லாம் என் இடுப்பு உயரத்துக்கு நின்றன. நான் குச்சியால் மண்ணைக் கிளறிவிட்டு, "இதுக்குக் கீழ எதுவும் வராதுங்க" என்றேன். "நாம வந்திருக்கமே" என்றார். அன்றைக்குத் தொடங்கிய வழக்கு, தீர்ப்பாகவில்லை, பிரதிவாதி போன மாதம் இறந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் என் உலர்த்திய இலைகளை விரலால் ஒதுக்கிக்கொண்டு கேட்பார், "ஏன் டாக்டர், உன் பெரணிக்கும் ரசத்துல போடற கொத்தமல்லிக்கும் என்ன வித்தியாசம், ஒரே வார்த்தையில சொல்லு." "கொத்தமல்லி பூக்கும்." "அப்ப அதான் ஒசத்தி." "உங்க பைன் என்னத்துக்கு ஆகுது?" "பெட்டி ஆகும், தீக்குச்சி ஆகும், காகிதம் ஆகும். உன்னோடது என்ன ஆகும்?" "எதுவும் ஆகாது. இருக்கும்." "அதான் பாக்கறனே, கல்யாணம் ஆனதுலேருந்து இருக்கியே" என்று சிரிப்பார், சிரித்தால் மேல்பல் வரிசையில் கட்டிய பல் தெரியும். இறந்தது சந்தையில். காரட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் கடைக்காரரின் தராசைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாராம். பேரம் முடிந்திருந்ததா என்று நான் கேட்டேன், செய்தி கொண்டுவந்த ஆட்டோக்காரர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். காரட்டை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அடக்கம் முடிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ அதைப் பொரியல் செய்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, தேங்காய் கொஞ்சம் கூடிவிட்டது. நாத்தனார் அல்போன்சா முப்பதாம் நாள் பூசை வரைக்கும் கூடவே இருந்து, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழுதுடு பிலோ. உள்ளயே வச்சா கட்டியாயிடும்." "எந்த எடத்துல?" என்று கேட்டேன், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். "எங்கண்ணன் செத்தாலும் கேள்வி கேக்கறதை மட்டும் விடமாட்டே நீ" என்று அவள் அழுதாள். சத்தமாக, ஒழுங்காக, மூச்சு வாங்கி அழுதாள். என் பங்கையும் அவளே அழுதுவிட்டாள் என்று தோன்றியது, கடமை தீர்ந்ததுபோல இருந்தது, போய்த் துணி மடித்தேன்.

கீழே சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ஒச்சப்பன் ஏதோ சொல்லியிருப்பார். இன்னும் டம்ளரைக் கழுவவில்லை. சரி, என்ன செய்யலாம், ஒழுங்காக யோசிக்கலாம். எழுந்துபோய் ரேஞ்சரிடம், தம்பி, இங்கே ஒரு செடி இருக்கிறது, இந்தச் சரிவை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். ரேஞ்சர் கோகுலவாசன் நல்ல பிள்ளை, என்னிடம் படிக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. விட்டுவிடுவான். ஆனால் மாதிரி எங்கே மேடம் என்று கேட்பான், கேட்கத்தான் வேண்டும், அந்த விதியே என்னுடையது. பைன் தோப்பு போனால் பிழைப்பு போகும் என்று பயந்த விடுதிக்காரர்கள் ஆளுக்கொரு பெரணியைப் போனில் படமெடுத்துவந்து, இது அரியது, அது அரியது, என் விடுதிக்குப் பின்னால் இருப்பது ஆக அரியது என்று குழுவின் முதல் கூட்டத்தில் வரிசையில் நின்றார்கள். பெரணியைப் போட்டோவில் பார்த்து அடையாளம் சொல்வது முதுகைப் பார்த்து ஜாதகம் எழுதுவதுபோல என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், சிரிப்பு அடங்குவதற்குள் விதியை நிறைவேற்றிக்கொண்டேன். அரிய செடி என்று யார் சொன்னாலும் அதைத் தண்டோடும் வித்துப் பொட்டோடும் பறித்து, காயவைத்து, உலர்செடிக் காப்பகத்தில் கொடுக்கவேண்டும், கொடுக்காதவரை அந்தச் செடி இல்லை, வெட்டு நிற்காது. எங்கள் உலகத்தில் ஒரு செடி உயிரோடிருக்கிறது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே ஆதாரம் அதன் பிணம். இது நகைச்சுவை அல்ல, நடைமுறை, நானே ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன். கூட்டமாக வளர்கிற செடிக்கு அது ஒன்றும் செய்யாது. இது கூட்டம் இல்லை. பாறையைச் சுற்றிக் கையும் காலுமாகத் தவழ்ந்து தேடிவிட்டேன், வேறொன்று இல்லை. தண்டு நூலளவு, இழுத்தால் வேரோடு வந்துவிடும். வித்து இருக்கிற இலை ஒன்றே ஒன்று, அதுவும் பிஞ்சு. பனிக்காலம் முடிவதற்குள் பொட்டுகள் முற்றி வெடித்துப் பழுப்புத் தூள் பறக்கும், பாசியில் விழும், சில விழுந்த இடத்தில் பிழைக்கும், அதுவரைக்கும் இது நிழலில் நனைந்துகொண்டு நின்றால் போதும். அரை இலையைக் கிள்ளிக் கொடுத்தால் என்ன. அரை இலை கொண்டுவந்தவர்களை என்ன சொல்லித் திருப்பியனுப்பினேன் என்பது எனக்குத்தான் தெரியுமே. அப்படியானால் பறித்துவிடலாமா. பறித்தால் சரிவு பிழைக்கும், சரிவில் நிற்கிற பைன் எல்லாம் பிழைக்கும், எதற்காகப் பிழைக்க வைத்தோமோ அது காப்பகத்தில் கற்பூர உருண்டை வாசனையில் படுத்திருக்கும். கீழே என் பெயர். கண்டெடுத்தவர் பிலோமினா அருளப்பன், இடம் ஈரமான இடம்.

விரல் போய்விட்டது. நான் அனுப்பவில்லை, அதுவாகப் போய்த் தண்டைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்திருக்கிறது, பழக்கம், நாற்பது வருடப் பழக்கம், கோழிக்காரர் கை கழுத்தைத் தேடுவதுபோல. குளிர்ந்திருக்கிறது. தண்டு குளிர்ந்திருக்கிறதா, விரலா. அழுத்தினால் ஒரு சின்னச் சத்தம் வரும், பச்சைத் தண்டு ஒடியும் சத்தம், அதைக் கேட்டால் எனக்கு ஏதாவது ஆகுமா என்று பார்க்கத் தோன்றுகிறது. இதுதான் பயம், இப்போது தெரிகிறது, பெரணி போய்விடும் என்பதல்ல. இதுவும் போய், அதற்கும் எதுவும் தோன்றாமல், நான் வீட்டுக்குப் போய் இட்லிக்கு ஊறவைத்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நன்றாகத் தூங்கிவிடுவேனோ என்று. நன்றாகத்தான் தூங்குகிறேன். கட்டிலில் அவர் பக்கத்தில் புத்தகங்களை அடுக்கிவைத்திருக்கிறேன், அது வசதியாக இருக்கிறது, எடுக்க எட்டுகிறது. விரலை எடு. எடுத்துவிட்டேன். இன்னொரு வழி, செடியைப் பற்றி வாயே திறக்காமல், இந்த மரங்களை விடுங்கள் என்று மட்டும் சொல்வது. சொன்னால் என்ன ஆகும். ஒரு மாதமாக எல்லாரும் என்னிடம் தணிந்த குரலில் பேசுகிறார்கள், கடைக்காரர் மீதிச் சில்லறையைக்கூட மெதுவாக வைக்கிறார். வேலைக்காலம் முழுக்கப் பைனைத் திட்டியவள், பைன்காரர் போனதும் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், பாவம் என்பார்கள். அறிவியல் காரணத்துக்காக ஒரு மரத்தைக் காப்பாற்ற நினைக்கிற விதவையைப்போல நம்பத்தகாத பிராணி இந்த மலையில் இல்லை. அறிவியல் காரணம்தானா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். உள்ளே கைவிட்டுத் துழாவுகிறேன், இருட்டில் அலமாரியில் தீப்பெட்டி தேடுவதுபோல, ஒன்றும் தட்டுப்படவில்லை, இது என்றும் இல்லை, அது என்றும் இல்லை.

செல்லக்கிளி மேலே ஏறி வருகிறாள். கையில் டம்ளர், முந்தானையால் பிடித்திருக்கிறாள். "டீச்சரம்மா, எல்லாரும் குடிச்சாச்சு. கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டைத் தண்ணி வத்துது, திரும்பிக்கூடப் பாக்கல நீங்க." நான் கை நீட்டுவதற்குள் டம்ளரைப் பாறைமேல் வைத்தாள். பெரணிக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி, ஆவி இலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. பதறியிருக்கவேண்டும். கை மட்டும் போய் டம்ளரை எடுத்துக்கொண்டது, எனக்கு முன்பே அதற்கு விஷயம் தெரிந்திருந்ததுபோல. இஞ்சி டீ, சர்க்கரை நிறைய. அவளுக்குப் பின்னால் ஒச்சப்பன், தலையில் துண்டு, தோளில் மிஷின் ரம்பம். அவருக்குப் பின்னால் ரேஞ்சர்.

"யம்மா, சேரை எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் அந்தாண்ட போயிருங்க. இந்த மரம் உங்க மேலதான் படுக்கணும்னு நிக்குது" என்றார் ஒச்சப்பன்.

"மேடம், இந்தச் சரிவுல எதுவும் இருக்கா?" என்று கேட்டான் கோகுலவாசன். "இல்லேன்னா ஆரம்பிச்சுடலாம்."

இருக்கிறது என்ற சொல் வாய்க்குள் இருந்தது. டீயோடு சேர்த்து விழுங்கினேன். "இல்ல" என்றேன். "ஆனா இந்த மரத்த விட்டுடுங்க."

"ஏன் மேடம்?"

"எங்க வீட்டுக்காரர் நட்டது."

சொன்னது நான்தான். குரல் நன்றாக வந்தது, வகுப்பில் வருவதுபோல, கடைசி பெஞ்சு வரை. ஒச்சப்பன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். செல்லக்கிளி உச்சுக் கொட்டினாள். கோகுலவாசன் மட்டும் பாதை தொடங்குகிற இடத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு கல் நட்டிருக்கிறது, இந்தத் தோப்பு நட்ட வருடம் அதில் வெட்டியிருக்கிறது, அந்த வருடத்தில் அருளப்பன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திண்டுக்கல்லில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். கோகுலவாசன் கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தான். காய்ச்சல்காரரிடம் பேசுகிற பார்வை. கிழவிக்குக் குழம்பிவிட்டது என்று முடிவு செய்துகொண்டான், இரக்கப்பட்டான், அந்த இரக்கம் எனக்கு இப்போது தேவைப்படுகிற கருவி, சுத்தியலை வாங்கிக்கொள்வதுபோல வாங்கிக்கொண்டேன்.

"எது மேடம், இது ஒண்ணுதானே?"

"இது. அந்த ரெண்டு. அதுக்கு மேல நிக்கறது, அப்புறம் வளைஞ்சு நிக்குதே அது, அதுக்குப் பக்கத்துல மூணு."

"அத்தனையுமா?"

"ஒரே நாள்ல நட்டிருப்பாரு சார்" என்று ஒச்சப்பன் எனக்காக வாதாடினார். "சும்மாவா, அந்தக் காலத்து ஆளுங்க."

கோகுலவாசன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "ஒரு மரம்னா என் பொறுப்புல விட்டுடறேன் மேடம். விழற பக்கம் சரியில்லன்னு சொல்லிக்கலாம். எட்டு மரம்னா மேல கேப்பாங்க. செடி ஏதும் இருந்து, மாதிரி எடுத்துக் குடுத்தா மொத்தச் சரிவையும் நிறுத்தலாம், அதான் நீங்க போட்ட ரூலு. வீட்டுக்காரர் நெனப்புக்கு ரூல் இல்லியே."

இப்போது சொல்லலாம். இந்த நொடியில் பாறையைக் காட்டி, தம்பி, நான் பொய் சொன்னேன், இதோ பார் என்று சொல்லலாம். அவன் குனிந்து பார்ப்பான், நல்ல பிள்ளை, பையிலிருந்து அவனே காகிதமும் எடுத்துத் தருவான். விரல் மறுபடி கிளம்புகிறதா என்று பார்த்தேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தது. "ஒண்ணு போதும்" என்றேன். சொல்லும்போதே தெரியும், போதாது. பனியைச் சீவ ஒரு மரம் போதும். வெயிலை மறைக்கப் போதாது.

"ஒரு மஞ்சத்துணி கட்டிவிடட்டுங்களா?" என்று கேட்டாள் செல்லக்கிளி. "தெரியாம யாராச்சும் கைவச்சிரக் கூடாது."

"அவங்க வேதக்காரங்க, மஞ்சத்துணியாம்" என்றார் ஒச்சப்பன். "அம்மா சொன்னா நானே அருவாளால ஒரு சிலுவை கீறி விடறேன். போற வர்ற சனம் மெழுகுவத்தி வைக்கும்."

மெழுகுவர்த்தி வைக்கச் சரியான பாறை முழங்கால் உயரத்தில் தயாராக இருக்கிறது. "ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "அவருக்குக் கூட்டம் பிடிக்காது." இரண்டாவது பொய். கூட்டம் இல்லாவிட்டால் அந்த மனிதருக்குக் காப்பி இறங்காது.

"அய்யா எப்படிங்கம்மா, சாந்தமான ஆளா?"

"பேரம் பேசுவார்" என்றேன். ஒச்சப்பன் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார்.

பிறகு வெட்டத் தொடங்கினார்கள். ரம்பத்தின் சத்தம் பல்லுக்குள் கேட்கிறது. சத்தம் மாறும், ஆழமாகப் போகும், நிற்கும், யாரோ ஓ என்று கூவுவார்கள், பிறகு மேலே துணி கிழிவதுபோல ஒன்று, கீழே பூமி ஒருமுறை தும்மும். பிசின் வாசனை, பச்சையாக, டீ ருசியையே மாற்றிவிட்டது. வளைந்து நின்ற மரம் முதலில் போனது. அது நின்ற இடத்தில் வானம் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றாக விழ விழ அந்தப் பக்கத்துச் சரிவெல்லாம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது, மூடுபனி கலைந்துவிட்டது, கொடைக்கானலில் வெயில் வரவேண்டாத நாளில் வந்தே தீரும். வெட்டிய மரத்தின் கிளைகளைத் தாண்டி, ஊசி மெத்தையின்மேல், யாரோ பாய் விரிப்பதுபோல வெயில் இறங்கி வந்தது. பாறையின் மேல்விளிம்பைத் தொட்டது. பாசியின் நிறம் மாறியது, நல்ல அழகு, கண்ணாடிப் பச்சை, பெரணிக்கு விஷம். இந்தச் செடியின் இலை ஒரு செல் தடிமன், ஒரு உச்சி வெயிலைத் தாங்காது, சுருண்டால் பொட்டும் சேர்ந்து சுருளும். இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எழுந்தேன். இடது கால் உணர்வில்லாமல் கிடந்தது, தரையில் இரண்டு தட்டு தட்டினேன். நாற்காலியைத் தூக்கிப் பாறைக்கும் வெயிலுக்கும் நடுவே போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் நிழல் பாறைமேல் விழுந்தது. நல்ல அகலம். உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு, அவர் அதைப் பற்றியும் சொல்லாததில்லை. நிழலுக்குள் பெரணி மறுபடி கறுப்புப் பச்சையாகி அடங்கியது. மேலேயிருந்து ஒரு துளி என் பின்கழுத்தில் விழுந்தது, ஜில்லென்று, முதுகுத்தண்டு வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டேன், அடுத்தது பாசிக்குப் போகட்டும். வெயில் நகரும், நானும் நகரவேண்டும். நாளைக்கும் இதே மாதிரி வரும். வெட்டிய இடத்தில் சோலைக் கன்றுகள் நட்டு, அவை ஆளுயரம் வந்து நிழல் கொடுக்க வருடங்கள் ஆகும், அவ்வளவு வேண்டாம், பொட்டுகள் முற்றுகிறவரை போதும். ஒரு குடை கட்டிவைக்கலாம், குடையைப் பார்த்தால் எதற்குக் குடை என்று யாராவது குனிந்து பார்ப்பார்கள். குந்தியிருக்கிற விதவையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

"டீச்சரம்மா இன்னும் எந்திரிக்கலியே" என்று யாரோ சொன்னது கேட்டது. "விடுறா. உக்காந்திருக்கட்டும்" என்றார் ஒச்சப்பன், ரம்பத்தை அணைத்துவிட்டு, அதற்காகவே அணைத்ததுபோல. அதன்பிறகு கொஞ்ச நேரம் அவர்கள் சத்தமில்லாமல் கிளை கழித்தார்கள். அவர்களுக்கு என் முதுகு தெரியும், எதிரே ஒரு மரம் தெரியும். பார்த்ததை வைத்து, நான் இப்படி உட்கார்ந்திருப்பதற்கு அவர்கள் ஒரு பெயர் சொல்லியிருப்பார்கள். போட்டோவைப் பார்த்து அடையாளம் சொல்கிறவர்களை நான் எப்படியெல்லாம் கேலி செய்திருக்கிறேன். அவர்கள் சொன்ன பெயர் தப்பு என்று நிரூபிக்க இப்போது என்னிடம் மாதிரி எதுவும் இல்லை.

சாயங்காலம் வண்டி வந்து நின்றது. செல்லக்கிளி மேலே ஏறி வந்தாள், பாத்திர மூட்டை இடுப்பில். "எந்திரிங்கம்மா. ரேஞ்சர் அய்யா உங்களையும் ஏத்திட்டு வரச் சொன்னாரு."

"வெயில் இறங்கட்டும்."

"நல்லாருக்கே. இந்தக் குளிருல வெயிலு கெடைக்காதான்னு நாங்க அலையுறோம், நீங்க அதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க." மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றாள். மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். பாறையைப் பார்க்கவில்லை. "நாளைக்கும் வருவீங்களா?"

"மூடுபனியா இருந்தா வரமாட்டேன். வெயில் அடிச்சா வருவேன்."

அதில் அவளுக்கு என்ன புரிந்ததோ, ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், "குடுத்து வச்ச மனுசன்" என்றாள்.

வெயில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.